குளச்சலில் பத்து நிமிஷம்

தமிழில் பழைய துறைமுகப் பட்டினங்களைப் பற்றி எழுதப்படும் பிரயாணக் கட்டுரைகள் எல்லாம் ஒரே கட்டுரைதான். ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டால் போதும். பூம்புகார், கொற்கை, நாகப்பட்டினம், தரங்கம்பாடி, குளச்சல் என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எழுதுகிறவர் சாயங்காலம் போய்ச் சேருவார். இடிந்த சுவர் ஒன்று நிற்கும். சுவர் இல்லாத ஊரில் தூண் நிற்கும். இரண்டும் இல்லாவிட்டால் கடலே, தான் விழுங்கிய நகரத்துக்குத் தானே சாட்சி சொல்லும். மரக்கலங்களுக்கு ஒரு பத்தி, அழிவுக்கு ஒரு பத்தி. கடைசிப் பத்தியில், எப்போதும் தூரத்தில், மீனவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருப்பார்கள். சூரியன் கடலில் இறங்கும். கிழக்குக் கரையில் அது சாத்தியமில்லை என்பதுகூடச் சிலருக்குத் தடையாக இருப்பதில்லை.

இதை வாரப் பத்திரிகைகளின் காரியம் என்று இத்தனை நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். அவர்களுக்குப் பக்கம் நிரப்ப வேண்டும், படம் போட வேண்டும். அதில் நமக்கு என்ன. ஆனால் இப்போது அதே கட்டுரை நம்மவர் ஒருவரின் கையெழுத்தோடு வந்திருக்கிறது. வார்த்தையைக் கூசிக் கூசிப் பயன்படுத்துகிறவர் என்று நாம் மதிக்கிற கவிஞர். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கிற நூற்றுச் சொச்சம் பேருக்கு அவர் யார் என்று தெரியும். தவிரவும் அவர் எழுதியிருப்பதை நம்மில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்க முடியும் என்பதுதான் என் புகார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஜனவரியில் அவர் சென்னையிலிருந்து ரயிலில் வந்து குழித்துறையில் இறங்கினார். குளச்சல் பார்க்க வேண்டும் என்றார். மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் வழியாக பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் குளச்சல். வழி நெடுகப் பேசிக்கொண்டு போனோம். ரில்கேயிலிருந்து நகுலன் வரை பேச்சு ஓடியது. கடற்கரையில் இறங்கி வெற்றித் தூணைச் சுற்றி வந்தார். கல்வெட்டைப் படித்தார். கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் கைக்குட்டையை எடுத்தார். அதில் குற்றம் இல்லை, பழக்கமில்லாதவர்கள் எடுப்பார்கள். பிறகு கிளம்பலாமா என்றார். என் கைக்கடிகாரப்படி பத்து நிமிஷம். இரண்டு மாதம் கழித்து வந்த கட்டுரை ஆறு பக்கம். அதில் நானும் வருகிறேன், 'மௌனமான உள்ளூர் நண்பர்' என்ற பெயரில். மௌனம் என்னவோ உண்மை. அந்த மௌனத்துக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் தூண். 1741ஆம் வருஷம் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைக் குளச்சலில் தோற்கடித்தார். டிலனாய் என்ற தளபதி பிடிபட்டான். பிடிபட்டவன் மன்னனின் படைக்கே பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' ஆகி, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டான். இவ்வளவும் சரி. கவிஞர் இதோடு நிறுத்தியிருக்கலாம். ஐரோப்பியரை முறியடித்த முதல் ஆசிய அரசு இதுதான் என்று, எல்லோரும் எழுதுகிற வாக்கியத்தை அவரும் எழுதிவிட்டார். இதே டச்சுக் கம்பெனியைச் சீனத் தளபதி கொக்சிங்கா 1662இல் தைவானிலிருந்து வெளியேற்றினார். அதற்கும் நூற்று நாற்பது வருஷம் முன்னால் 1521இல் சீனக் கடற்படை போர்ச்சுகீசியரைத் துரத்தியது. இவையெல்லாம் அபூர்வமான செய்திகள் அல்ல. எந்த நூலகத்திலும் கிடைக்கும். ஆனால் தூணுக்கு முன்னால் நிற்கும்போது நமக்கு நூலகம் மறந்துவிடுகிறது, மார்பு மட்டும் விரிகிறது.

போகட்டும், முதலாவதோ நூறாவதோ, வெற்றி வெற்றிதான். அது யாருடைய வெற்றி என்று கேட்டிருக்க வேண்டாமா? டச்சுக்காரன் வந்தது மிளகுக்காக. போருக்கு இரண்டு வருஷம் கழித்து மன்னர் மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகம் ஆக்கினார். 1753இல் மாவேலிக்கரையில் அதே டச்சுக்காரர்களோடு உடன்படிக்கை செய்து, குறித்த விலைக்கு மிளகு தருவதாக ஒப்புக்கொண்டார். மிளகு பறித்தவனுக்கும் அதைப் படகில் ஏற்றியவனுக்கும் குளச்சல் போர் என்ன செய்தது என்பதைக் கல்வெட்டு சொல்லாது. சொல்வது கல்வெட்டின் வேலையும் அல்ல. கேட்பது எழுத்தாளன் வேலை.

குளச்சலில் ஒரு கதை சொல்வார்கள். போரின்போது கடலோடிகள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நின்றார்களாம். கப்பலிலிருந்து பார்த்தவர்களுக்கு அது துப்பாக்கி ஏந்திய பட்டாளமாகத் தெரிந்ததாம். நிஜமோ பொய்யோ, கதை அழகாக இருக்கிறது. இதே மன்னரைப் பற்றி இன்னொரு செய்தியும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமாரை ஒழித்துக்கட்டிய பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களைக் கடற்கரைக்கு அனுப்பி முக்குவர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று. இதற்கும் ஆதாரம் எவ்வளவு என்பது சரித்திரக்காரர்கள் பாடு. நான் பார்ப்பது வேறு. உள்நாட்டு மனிதர்கள் தங்களுக்கு நேரக்கூடிய மிகக் கொடிய தண்டனையைக் கற்பனை செய்தபோது அவர்கள் மனதில் வந்தது கடற்கரையில் வாழ்வது. முதல் கதையில் கடற்கரை ராஜ்யத்தைக் காப்பாற்றுகிறது. இரண்டாவதில் கடற்கரையே நரகம். இரண்டையும் ஒரே வாயால் நாங்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் சொல்லி வந்திருக்கிறோம். என் ஊருக்குத் தொடுவெட்டி என்ற பெயர் போய் வந்த பெயர் அந்த மன்னருடையது. தூத்தூர்ப் பக்கம் கடலோரத்திலும் மார்த்தாண்டன்துறை என்று ஓர் ஊர் உண்டு. ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களுக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் மார்த்தாண்டன்துறைக்கு முதல் தடவை போனபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஆகவே கவிஞரைப் பிரயாணி என்று கேலி செய்ய எனக்கு அதிக யோக்யதை கிடையாது. நானும் பிரயாணிதான், டிக்கெட் விலை குறைவு.

இனி கடல். கவிஞரின் கட்டுரையில் கடல் பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன், எண்ணுவது என் பிழைப்பு. 'எல்லையற்ற', 'ஆதி', 'மௌனம்', 'சூன்யம்' என்கிற அடைகளோடு வருகிறது. ஒரு இடத்தில்கூட மீனோடு வரவில்லை. இது அவர் ஒருவருடைய கோளாறு இல்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து நம் புதுக்கவிதை கடலை இப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. தனிமனிதனின் வெறுமையைச் சாய்த்துவைக்க ஒரு பெரிய சுவர் தேவைப்பட்டது, கடல் அகப்பட்டது. மெரினாவில் உட்கார்ந்து பார்த்தால் கடல் அப்படித் தெரியக்கூடும். பார்க்கிறவன் அதற்குள் போகப் போவதில்லை, அதிலிருந்து அவனுக்கு எதுவும் வர வேண்டியதும் இல்லை. எல்லையின்மை என்பது கரையில் உட்கார்ந்திருப்பவனுடைய அனுபவம். உள்ளே போகிறவனுக்குக் கடல் முழுக்க எல்லைகள். எந்த இடத்தில் பார் இருக்கிறது, நீவாடு இன்று எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று சோழனா வாடையா, கரையில் எந்தக் குன்றும் எந்தக் கோபுரமும் ஒரே கோட்டில் தெரிந்தால் வலை போடலாம் என்று அவன் தலைக்குள் தண்ணீர் துண்டு துண்டாக அளக்கப்பட்டிருக்கிறது. பாரும் நீவாடும் தமிழ் வார்த்தைகள். கடலுக்கடியில் இருக்கும் பாறையும் கடலின் நீரோட்டமும். நம் கவிதைகளில் இவை இல்லை. பிரெஞ்சுக் கவிதையின் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த சூன்யம் இருக்கிறது.

வார்த்தை என்று இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கவிஞர் அன்று கண்டது கரைமடி. ஒரு முனையைக் கரையில் விட்டு வள்ளத்தில் வலையை வளைத்துக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பது. கட்டுரையில் அது 'மீனவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்' என்று ஆகியிருக்கிறது. கட்டுமரமும் வள்ளமும் விசைப்படகும் 'படகு' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. காபி ஹவுஸில் காபியின் தரத்தில் நான்கு நுட்பமான வேறுபாடுகளைச் சொல்லக்கூடியவர் இவர். அந்தக் கரையில் மணல் ஏன் கறுத்துக் கிடக்கிறது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மணவாளக்குறிச்சி மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுத்த தோரியத்தால் ஐரோப்பாவின் விளக்குத் திரிகள் எரிந்தன. ஒரு ஜெர்மானியர் கயிற்றில் ஒட்டிய மணலைப் பார்த்தார். ஒரு தமிழ்க் கவிஞர் செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினார். அனுபவம், அனுபவம் என்று நாம் இத்தனை வருஷம் எழுதி வருவதற்கு இதுவா பொருள்?

நம்மிடம் இதற்கு ஒரு கௌரவமான பதில் தயாராக இருக்கிறது. நெய்தலுக்கு இரங்கல் என்று முன்னோர்களே வகுத்திருக்கிறார்கள்; கடற்கரையில் போய் இரங்குவது நம் மரபு என்பது அது. கவிஞரும் இதைச் சொல்கிறார். மரபை நன்றாகப் பார்க்க வேண்டும். நெய்தலில் இரங்குகிறவள் உயிரோடு கடலுக்குப் போனவனுக்காக இரங்குகிறாள். அவன் இன்று வரலாம், வராமலும் போகலாம். அவளுடைய இரவு அந்தக் கேள்வியில் கிடக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் மூழ்கிய நகரத்துக்காக இரங்குகிறவனுக்கு எந்தக் கேள்வியும் இல்லை. அவன் ராத்திரி ஓட்டலுக்குத் திரும்பித் தூங்கலாம். இது இரங்கல் மாதிரி ஒரு பாவனை. இந்தப் பாவனையின் உபயோகம் என்னவென்றால், நிஜமான இரங்கல் நடக்கிற இடத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள அது அனுமதி தருகிறது. குளச்சலில் அந்தத் தூணிலிருந்து நடக்கிற தூரத்தில் 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியில் போனவர்களின் கூட்டுக் கல்லறை இருக்கிறது. கவிஞருக்கு அதைக் காட்டாமல் விட்டவன் நான். நேரமாகிவிட்டது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது என் மௌனத்துக்கு வருகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆட்கள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களுடையது தங்கல் தொழில். நாள் கணக்கில், வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். லட்சத்தீவும் ஓமானும் டீகோ கார்சியாவும் அவர்கள் பேச்சில் நாம் கருங்கல், திங்கள்நகர் என்று சொல்வதுபோல வரும். பலர் திரும்பவில்லை. உடல்களும் வரவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி அந்தக் கரையூர்களின் ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கடலில் இருப்பவர்களைத் தேடுங்கள் என்பது கோரிக்கை. அப்போது எனக்கு நாகர்கோவிலில் வேலை, ரயிலில் போய்வருவேன். அன்று வண்டி இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு ஊர் வந்து சேர இரவு ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம், 'இவங்களுக்கு வேற இடம் கிடைக்கலியா' என்பது. அன்று ராத்திரி மேஜையில் ஒரு கட்டுரை பாதியில் இருந்தது. தமிழ்க் கவிதையில் காத்திருத்தல் என்ற படிமத்தைப் பற்றியது. அதை முடித்து அனுப்பினேன், அச்சிலும் வந்தது.

அடுத்த வருஷம் வேறு கிளையில் இருந்தேன். ஒரு பெண் பாஸ்புத்தகத்தோடு வந்தாள். கணவன் பெயரில் கணக்கு, சிறிய தொகை. மரணச் சான்றிதழ் கேட்டேன். விதி அது. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால்தான் சட்டம் அவர் இறந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும். 'கடல்ல போனவருக்கு எங்க சாரே சர்ட்டிபிகேட்டு' என்றாள். அழவில்லை. 'அப்படீன்னா உயிரோட இருக்காருன்னா எழுதி வச்சிருக்கிய' என்றும் கேட்டாள். மேனேஜரைப் பாருங்கள் அக்கா என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். நெய்தல் திணையைப் பற்றிப் பி.ஏ. இங்கிலீஷ் படித்த காலத்திலிருந்து எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. ராமானுஜனின் மொழிபெயர்ப்பைப் பாடம் போலப் படித்தவன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றது நெய்தல் என்பது அன்று சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அதுவரை அவள் எனக்கு ஒரு குறைபாடுள்ள விண்ணப்பம்.

இதைச் சொன்னதால் என்னை முற்போக்கு முகாமில் சேர்த்துவிட வேண்டாம். அவர்கள் கதைகளிலும் மீனவன் வருகிறான், முதலாளியை எதிர்த்துக் கையை உயர்த்த மட்டும். அவனுக்கும் நீவாடு தெரியாது. நம்மவர்கள் அவனைத் தூரத்தில் வலை உலர்த்த வைக்கிறார்கள், அவர்கள் அவனைக் கிட்டே கொண்டுவந்து கோஷம் போட வைக்கிறார்கள். இரண்டு பேரும் அவனிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை.

இன்னொரு சமாதானமும் வரும். கடற்கரையிலிருந்தே எழுத்தாளர்கள் வந்துவிட்டார்களே என்று. வந்திருக்கிறார்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தோப்பில் முஹம்மது மீரான் 1988இலேயே 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைக் கொண்டுவந்தார். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. 'கொற்கை' 2013இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. வறீதையா கான்ஸ்தந்தின் விடாமல் எழுதி வருகிறார். இவர்கள் வந்தது நமக்கு ஒரு புது ஓய்வாகப் போய்விட்டது. கடலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் பழையபடி சூன்யத்தைப் பார்க்கலாம். அவர்கள் நாவல்களில் வட்டார வழக்கு அதிகம் என்று மதிப்புரையில் குறைப்பட்டுக்கொள்ளலாம். கொற்கையைப் பற்றி ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு நாவல் வந்த பிறகும், கொற்கைக்குப் போய்விட்டு வந்து முத்தையும் பாண்டியனையும் மட்டும் எழுத ஒருவருக்கு முடிகிறதென்றால், நாம் ஒருவரை ஒருவர் படிப்பதே இல்லை என்றுதான் அர்த்தம்.

துறைமுகத்தைப் பற்றி எழுத வேண்டிய தருணம் நமக்கு வாய்க்காமலும் போகவில்லை. 2016 ஜூலையில் குளச்சலுக்கு அருகே இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கரையூர்கள் எதிர்த்தன, உள்நாட்டில் பலர் வரவேற்றார்கள், நிலத்தின் விலை ஏறும் என்று. பிறகு திட்டத்தைக் கன்னியாகுமரிப் பக்கம் நகர்த்தப் பார்த்தார்கள், அங்கும் எதிர்ப்பு. துறைமுகம் என்றால் என்ன, அது யாருக்கு, அதற்காக எந்தக் கரை போகும் என்று மாவட்டமே இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தபோது, பூம்புகாரின் அழிவுக்கு இன்றும் கண்ணீர் விடுகிற நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? ஆதரித்தோ எதிர்த்தோ நான் ஒரு வரி எழுதவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஊருக்கும் கடற்கரைக்கும் இடையிலுள்ள தூரம் என்ன செய்யும் என்பதை 1982இல் மண்டைக்காட்டில் பார்த்தாயிற்று. அது மதத்தின் பெயரால் நடந்தது. அதற்கு முன்பே ஒருவரை ஒருவர் பார்க்காமல் பக்கத்தில் வாழ்ந்த பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம் எழுத்திலும் உண்டு என்பதுதான் இந்த ஆறு பக்கக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பயம்.

பிரயாணக் கட்டுரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. போகிறவன் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு போகட்டும். விடியற்காலையில் போகட்டும், வள்ளம் கரை பிடிக்கிற நேரத்தில். ஏலம் எப்படி நடக்கிறது, எடுத்த பணம் எத்தனை பங்காகப் பிரிகிறது, வலைக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை என்று கேட்கட்டும். கேட்டால் சொல்வார்கள், சிலர் திட்டுவார்கள், அதையும் எழுதலாம். கொச்சியிலும் மங்களூரிலும் வருஷத்தில் பாதியைக் கழிக்கிற தூத்தூர்க்காரர் ஒருவருக்கு அந்தத் துறைமுகங்கள் என்னவாகத் தெரிகின்றன என்று உட்கார்ந்து கேட்டு எழுதினால், வாஸ்கோடகாமாவின் கல்லறையைப் பற்றி நாம் எழுதும் பத்துக் கட்டுரைகளைவிட அது மேலாக இருக்கும். இவ்வளவும் முடியாதென்றால் குளச்சலுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வரலாம். எழுத வேண்டியதில்லை.

கவிஞரின் கட்டுரை இப்படித் தொடங்குகிறது: ஆள் நடமாட்டம் இல்லாத, பெயர் தெரியாத ஒரு சிறிய ரயில் நிலையத்தில் விடியலில் இறங்கினாராம். அந்த நிலையத்துக்குப் பெயர் உண்டு, மூன்று மொழியில் பலகையில் எழுதியிருக்கிறது. அடுத்து யாராவது குளச்சல் பார்க்க வந்தால் உடனே பஸ் ஏற்றப் போவதில்லை. பிளாட்பாரத்தின் ஓரம் வரை கூட்டிப் போய், 2017 டிசம்பரில் அவர்கள் உட்கார்ந்திருந்த தண்டவாளத்தைக் காட்டி, அன்று நான் சொன்ன வாக்கியத்தையும் சொல்லிவிட்டுத்தான் கூட்டிப் போவேன்.